“கண்ணே” என்றழைத்தால் போதுமா?

தோழர்களே!

இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறான் ஒரு தொழிலாளி. தலையிலே பஞ்சாலைத் தூசு, வயிற்றிலே பசி, கண்ணிலே தூக்கம். வாசற்படியிலே நிற்கிறாள் மனைவி. எட்டு மாதக் கர்ப்பிணி. காலிரண்டும் வீங்கியிருக்கின்றன, முகமும் சற்றே உப்பியிருக்கிறது.

“ஏங்க, ரெண்டு நாளா கண்ணு முன்னாடி மின்மினிப்பூச்சி பறக்குற மாதிரி இருக்குங்க. தலை வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது” என்கிறாள்.

உள்ளேயிருந்து அவன் தாயின் குரல் கேட்கிறது.

“பிள்ளைத்தாச்சின்னா அப்படித்தான்டா இருக்கும். எல்லாம் பித்தம். நாங்க பெறாத பிள்ளையா? ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு குடிக்கச் சொல்லு, சரியாப் போகும்.”

பிள்ளை பெற்றவள் சொல்கிறாள், பிறகென்ன? அவன் பாயை விரித்துப் படுத்துவிடுகிறான்.

ஏதோ ஒரு வீட்டின் கதையென்று இதைத் தள்ளிவிடாதீர்கள். எத்தனையோ வீடுகளிலே நடக்கும் உரையாடல்தான் இது. அந்தத் தாய் கொடியவளல்ல. அந்தக் கணவன் அன்பற்றவனல்ல. இருவருக்கும் ஒரு செய்தி தெரியாது; அவ்வளவுதான். ஆனால் அந்தத் தெரியாமைக்குச் சில வேளைகளிலே கொடுக்கும் விலை என்ன தெரியுமா? இரண்டு உயிர்!

அந்தச் செய்தியைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ‘பெண்டுகள் சமாச்சாரம் நமக்கெதற்கு?’ என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். காதலிக்கும்போது ‘கண்ணே’ என்று அழைத்தோமே, அந்தக் கண்ணைப் பற்றிய சமாச்சாரம் இது. நமக்கில்லாமல் யாருக்கு?

பத்து மாதமும் கண்ணும்

கருவுற்றவளுக்கு வயிறு மட்டுமே மாறுகிறது என்று நினைக்கிறோம். வயிற்றிலே வளரும் உயிருக்காக அவளுடைய உடல் முழுவதுமே வேலைத் திட்டத்தை மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தின் அளவு கூடுகிறது; உடலிலே நீர் தங்குகிறது; சுரப்பிகள் புதுக் கணக்கிலே சுரக்கின்றன. உடலெங்கும் நடக்கும் மாற்றத்துக்குக் கண் மட்டும் விலக்கா என்ன?

கண்ணின் முன்புறத்திலே கடிகாரக் கண்ணாடி போல ஒரு மூடி இருக்கிறது. விழிவெண்படலம் என்பார்கள், மருத்துவர்கள் கார்னியா என்பார்கள். உடலிலே நீர் தங்குவதுபோல அதிலும் சிறிது நீர் தங்கும். மயிரிழை அளவு தடிக்கும். வளைவு சற்று மாறும். அதனால் பார்வையும் சற்று மாறும். நேற்றுவரை தெளிவாகக் காட்டிய மூக்குக்கண்ணாடி இன்று மங்கலாகக் காட்டும். கண்ணுக்குள் வில்லை அணிகிற பெண்ணுக்கு அது உறுத்தும். கண்ணீர்ச் சுரப்பு குறைந்து, மணல் விழுந்தாற்போல் கண் வறளும். கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் கருமை படரும்.

இவையெல்லாம் பெரும்பாலும் பேறு முடிந்த சில வாரங்களில், அல்லது பால் கொடுப்பதை நிறுத்திய பிறகு, தாமே மறைந்துவிடும். ஆகவே, கர்ப்ப காலத்திலே கண்ணாடிக் கடைக்கு ஓடிப் புதுக் கண்ணாடிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பேறுக்குப் பிறகு சில வாரம் பொறுத்து அளவெடுப்பதே சரி. வறட்சிக்குச் சொட்டு மருந்து தேவையானால் மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டும். மருந்துக் கடையிலே கேட்டதைக் கொடுப்பதும், பக்கத்து வீட்டில் மிச்சமிருந்ததை ஊற்றுவதும் கூடாது. கண்ணில் விடும் சொட்டும் இரத்தத்திலே கலக்கும். கண் அழுத்த நோய்க்கு ஏற்கெனவே சொட்டு விடும் பெண், கருவுற்றதும் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, கேளாமல் தொடரவும் கூடாது.

இயற்கை ஒரு நன்மையும் செய்கிறது. கண்ணின் உள்ளழுத்தம் கர்ப்ப காலத்திலே, அதிலும் பிற்பாதியிலே, சற்றுக் குறைகிறது. ஆனால் கண்ணழுத்தம் வேறு, இரத்த அழுத்தம் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆபத்து இரண்டாவதிலேதான்!

கொதிகலனும் முள்ளும்

ஆலையிலே கொதிகலன் பார்த்திருப்பீர்கள். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. அதற்காகவே ஒரு வட்ட மானியும், அதிலே ஒரு முள்ளும் வைத்திருக்கிறார்கள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் என்ன செய்வீர்கள்? ‘கொதிகலன் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று பாய் விரித்துப் படுப்பீர்களா? நெருப்பைத் தணிப்பீர்கள், ஆளைக் கூப்பிடுவீர்கள், ஓடுவீர்கள்!

கர்ப்பிணியின் உடலிலே இரத்த அழுத்தம் ஏறினால் காட்டுகிற முட்களில் ஒன்று, கண்.

கருவுற்று 20 வாரம் கடந்தபின், சிலருக்கு இரத்த அழுத்தம் 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டுகிறது. சிறுநீரிலே புரதம் இறங்குகிறது. அல்லது சிறுநீரகம், ஈரல், மூளை முதலான உறுப்புகள் பாதிக்கப்படுகின்றன. சூல்வலிப்புக்கு முந்திய நிலை இது. இதன் வேர் நஞ்சுக்கொடியிலே இருக்கிறது. அங்கே இரத்தக் குழாய்கள் சரியாக விரியாமற்போக, அதன் விளைவு தாயின் உடலெங்கும் இரத்தக் குழாய்களைத் தாக்குகிறது. முற்றினால் வலிப்பு! ‘பிரசவ ஜன்னி’ என்று பாட்டிமார் நடுங்கிச் சொன்னார்களே, அதுதான். உலகெங்கும் பேறுகாலத்திலே தாய்மாரைக் கொல்லும் காரணங்களிலே முன்வரிசையில் நிற்பது இந்த அழுத்த நோய்.

இந்த வலிப்புக்கு மருத்துவர் வைத்த பெயர் ‘எக்லாம்சியா’. கிரேக்கச் சொல். பொருள் என்ன தெரியுமா? பளிச்சென்று தோன்றும் ஒளி, மின்வெட்டு! பெயரிலேயே மின்னல் இருக்கிறது. நம் வீட்டுப் பெண் ‘மின்மினி’ என்கிறாள். கிரேக்கன் ‘மின்வெட்டு’ என்றான்.

கண்ணின் பின்சுவரிலே விழித்திரை இருக்கிறது. உடலைக் கிழிக்காமலே இரத்தக் குழாய்களை மருத்துவர் நேராகப் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அழுத்தம் ஏறினால் அந்த மெல்லிய நாளங்கள் சுருங்குகின்றன. நீர் கசிந்து விழித்திரை சுவரிலிருந்து பிரிவதும் உண்டு. இன்னும் சிலருக்குக் கண்ணிலே குற்றமிராது. பின்மண்டையிலே பார்வையைப் படித்தறியும் மூளைப்பகுதி வீங்கி, கண் விழித்திருக்கும்போதே இருண்டு போகும். மங்கல், பளிச்சிடும் ஒளி, கரும்புள்ளி, ஒன்று இரண்டாய்த் தெரிதல், பார்வையின் ஒரு பகுதி மறைதல் எல்லாம் அந்த முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டதற்கான அடையாளங்கள். இவற்றோடு விடாத தலைவலி, மேல்வயிற்று வலி, திடீரென முகத்திலும் கையிலும் வீக்கம் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்கவும் நேரமில்லை.

அஞ்ச வைப்பதற்காக இதை எழுதவில்லை. நேரத்தோடு போனால் வழி இருக்கிறது. அழுத்தத்தைத் தணிக்கும் மருந்து இருக்கிறது. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் என்ற ஊசி இருக்கிறது. அரிய மருந்தல்ல அது. விலை மலிந்த ஓர் உப்பு! 33 நாடுகளிலே 10,000க்கு மேற்பட்ட பெண்களிடம் அதை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஊசி பெற்றவர்களிடம் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது! நோயின் வேரை அறுப்பதோ பேறுதான்; அதற்குரிய நேரத்தை மருத்துவர் முடிவு செய்வார். மங்கிய பார்வையும் பெரும்பாலோருக்குப் பேறுக்குப் பின் நாட்களிலோ வாரங்களிலோ திரும்பிவிடுகிறது.

ஒன்றை மறக்காதீர்கள். பிள்ளை பிறந்ததும் ஆபத்து முடிந்ததென்று மிட்டாய் வாங்கப் போய்விடக் கூடாது. பேறுக்குப் பின்னரும் வலிப்பு வரும். முதல் சில நாட்களிலே அதிகம், சில வேளை வாரங்கள் கழித்தும் வருவதுண்டு. பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவள் ‘கண் இருட்டுது, தலை வெடிக்குது’ என்றாலும் அதே ஓட்டம்தான் ஓட வேண்டும்.

சர்க்கரையின் கணக்கு

அடுத்த பகைவன் சர்க்கரை. இங்கே இருவகைப் பெண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கருவுறுவதற்கு முன்பே நீரிழிவு உள்ளவள் ஒருவகை. அவளுடைய விழித்திரை நாளங்கள் ஏற்கெனவே நலிந்திருக்கலாம். கர்ப்ப காலத்திலே அந்த நலிவு விரைந்து முற்றக்கூடும். நோவு இராது, தொடக்கத்திலே பார்வையும் குறையாது. திருடன் சத்தம் போட்டுக்கொண்டா வருவான்? ஆகவே கருத்தரிக்க எண்ணும்போதே ஒருமுறை, முதல் மூன்று திங்களுக்குள் ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் போதெல்லாம் கண்ணுக்கு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். பேறுக்குப் பிறகும் ஓராண்டு வரை கவனம் தேவை. தேவைப்பட்டால் லேசர் ஒளிச் சிகிச்சையைக் கர்ப்ப காலத்திலேயே செய்யலாம்.

கர்ப்பத்திலே மட்டும் சர்க்கரை தோன்றுகிறவள் இன்னொரு வகை. அவளுக்குப் பொதுவாக விழித்திரை பழுதாவதில்லை. ஆனால் பிற்காலத்திலே நீரிழிவு நிலைத்துவிடும் வாய்ப்பு அவளுக்கு அதிகம். பேறுக்குப் பிறகும் சர்க்கரையைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது கடினமா? இல்லை. 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை உண்டு. கூலிக்காரப் பெண் வெறும் வயிற்றோடு மறுநாள் வா என்றால் வருவாளா? ஒரு நாள் கூலி போகுமே! அதனால்தான், சாப்பிட்டிருந்தாலும் வந்த அன்றே செய்யக்கூடிய இந்தச் சோதனையை நம் நாட்டிலே பரப்பினார்கள். அதற்காகப் பல்லாண்டு பாடுபட்டவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் சேஷையா.

அந்தி வந்தால் இருள்

மூன்றாவது பகை, பசி.

அந்தி சாய்ந்தால் படி தெரியவில்லை, பாத்திரம் தெரியவில்லை, கையால் தடவுகிறாள். மாலைக்கண்! விளக்கேற்றியும் இருட்டு. மங்கிய வெளிச்சத்திலே பார்க்க விழித்திரைக்கு வைட்டமின் ஏ வேண்டும். இதன் வேதியியலை ஆராய்ந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வயிற்றுப் பிள்ளை வேகமாக வளரும் கடைசித் திங்களிலே தாயின் சேமிப்பு வற்றுகிறது. சேமிப்பே இல்லாதவளுக்கு? வறுமை முதலிலே கண்ணிலே தெரிகிறது!

நேபாளத்தின் சர்லாகி மாவட்டத்திலே, சிற்றூர்ப் பெண்கள் 40,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அங்கே கர்ப்ப காலத்திலே பத்தில் ஒருத்திக்கு மாலைக்கண். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ அல்லது அதற்கு மூலமான பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். தாய்மார் சாவு ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறைந்தது என்று 1999இல் அறிவித்தார்கள். உலகமே வியந்தது. ஆனால் கானாவிலும் வங்கதேசத்திலும் பின்னர் செய்து பார்த்தபோது சாவு குறையவில்லை. 2010லும் 2011லும் அந்த முடிவுகள் வெளிவந்தன. பிடித்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பிடிக்காததை ஒளிப்பது அறிவியலில்லை. ஆகவே உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்வது இதுதான்: மாலைக்கண் பரவியிருக்கும் பகுதிகளிலே மட்டும், அதுவும் அளவோடு, கர்ப்பிணிக்கு வைட்டமின் ஏ கொடுக்கலாம், நாளைக்கு 10,000 அலகுக்கு மேல் கூடாது.

அளவு ஏன்? மிகுந்தால் நஞ்சு! மிகையான வைட்டமின் ஏ, கருவின் தொடக்கத்திலே பிள்ளையை ஊனமாக்கும். ஆகவே மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. ஈரல் வறுவலையும் நாள்தோறும் தின்னக் கூடாது. ஆனால் முருங்கைக்கீரை இருக்கிறது. மஞ்சள் பூசணி இருக்கிறது. பழுத்த மாம்பழம், கேரட், முட்டை, பால் இருக்கின்றன. கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால் அந்தச் சத்து உடலிலே நன்றாகச் சேரும். வேலியிலே நிற்கும் முருங்கையை விட்டுவிட்டு விலையுயர்ந்த மாவு டப்பாவை ஏன் தேட வேண்டும்?

கீரைக்கும் முட்டைக்கும் கூடக் கூலி போதாதென்றால், அது மருத்துவப் பிரச்சினை மட்டுமன்று. சங்கத்துத் தோழர்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை.

கிரகணமும் பிற கதைகளும்

கிரகணம் வந்தால் கர்ப்பிணியை இருட்டறையில் பூட்டுகிறார்கள். சோறில்லை, தண்ணீரில்லை, வெளியே வந்தால் பிள்ளைக்கு ஊனமாம்! நிலவின் நிழல் விழுவதால் கருவுக்கு ஒரு கேடும் இல்லை. சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்தால் விழித்திரை பொசுங்கும். அது கர்ப்பிணிக்கு மட்டுமன்று, அவளைப் பூட்டி வைத்தவனுக்கும் பொசுங்கும்! கிரகணத்துக்கு அஞ்சிப் பட்டினி போடுகிற வீடு, ‘கண் மங்குது’ என்று அவள் சொல்லும்போது அஞ்சுவதில்லையே, என்ன விந்தை!

பிள்ளை பெற்றவள் புத்தகம் படித்தால் கண் கெட்டுவிடும் என்கிறார்கள். கெடாது. பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வு வேண்டும், மெய்தான். ஆனால் படிப்பதாலே எந்தக் கண்ணும் கெட்டதில்லை. தடித்த கண்ணாடி போட்ட பெண் முக்கிப் பிள்ளை பெற்றால் விழித்திரை பிய்ந்துவிடும், ஆகவே வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்பதும் ஒரு கதை. கிட்டப்பார்வை என்ற ஒரே காரணத்துக்காக அறுவை தேவையில்லை என்பதே இன்றைய கண் மருத்துவத்தின் முடிவு.

தாய்மார் பேச்சைக் கேட்ட மருத்துவர்

கடைசியாக ஒரு வரலாறு சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்திலே நார்மன் கிரெக் என்று ஒரு கண் மருத்துவர் இருந்தார். 1941ஆம் ஆண்டு. பிறவியிலேயே கண்புரையோடு கைக்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காரணம் புரியவில்லை. அவருடைய மருத்துவமனையிலே காத்திருந்த தாய்மார் தமக்குள் பேசிக்கொண்டார்கள்: கர்ப்பமாயிருந்தபோது தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டதாம். பேச்சு அவர் காதில் விழுந்தது. ‘பெண்கள் பேச்சுத்தானே’ என்று அவர் தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு தாயையும் கேட்டார். மற்ற மருத்துவர்களுக்கும் எழுதிக் கேட்டார். 78 குழந்தைகளின் விவரம் திரண்டது. அவற்றில் 68 குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்திலே அந்த அம்மை வந்திருந்தது!

ருபெல்லா என்னும் அந்த அம்மை தாய்க்கு மூன்று நாள் தடிப்பு; வயிற்றுப் பிள்ளைக்கோ கண்புரை, செவிடு, இதயக் கோளாறு. அந்த உண்மையை உலகம் அறிந்ததும் தடுப்பூசியைத் தேடியது. 1969இல் அமெரிக்காவில் அது பயனுக்கு வந்தது. இந்தியா 2017இல் தட்டம்மை-ருபெல்லா ஊசி இயக்கத்தைத் தொடங்கியபோது, முதல் வரிசையிலே நின்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்போது எத்தனை வதந்தி கிளப்பினார்கள்! நினைவிருக்கிறதா? இந்த ஊசியைக் கர்ப்ப காலத்திலே போடக் கூடாது. அதற்கு முன்பே, பிள்ளைப் பருவத்திலேயே போட்டுவிட வேண்டும். இன்று உங்கள் மகளுக்குப் போடும் ஊசி, நாளை உங்கள் பேரப்பிள்ளையின் கண்ணுக்குக் காவல்.

இவ்வளவும் எதனாலே கிடைத்தது? காத்திருந்த தாய்மார் பேசியதை ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்டதாலே!

தோழர்களே, நான் உங்களைக் கேட்பதும் அதைத்தான். மருத்துவராக வேண்டாம், காது கொடுங்கள், போதும். மாதந்தோறும் அவளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தாய் சேய் அட்டையை வாங்கி, இரத்த அழுத்தம் எவ்வளவென்று நீங்களே படியுங்கள். ஆலையில் எடை போடுகிறவன் ஒரு கிலோ குறைத்தால் கண்டுபிடிக்கிறீர்களே, இந்த இரண்டு எண்ணைப் படிக்க முடியாதா? உங்கள் தெருவிலே கணவன் வெளியூரிலே வேலை பார்க்கும் கர்ப்பிணி இருந்தால், அவள் வீட்டுக் கதவிலே 108 என்ற எண்ணை எழுதி வையுங்கள். படிப்பகத்திலே இந்தச் செய்தியை உரக்கப் படியுங்கள். உங்கள் தாயின் காதிலும் போடுங்கள். அவர் பெற்ற காலத்திலே இதைச் சொல்ல ஆளில்லை. அது அவர் குற்றமன்று.

மீண்டும் அந்த வாசற்படிக்கு வாருங்கள். அவள் சொல்கிறாள்: “ஏங்க, கண்ணு முன்னாடி மின்மினி பறக்குதுங்க.”

பாயை விரிக்காதே தோழா. செருப்பைக் கழற்றாதே. ‘கண்ணே’ என்று அழைத்தவன் நீ. புறப்படு!